தொண்ணூற்றைந்து டிகிரி

மிக முக்கியமான அறிவிப்பு ஒன்று. உட்கார்ந்து படிப்பவர்கள் எழுந்து நின்று படிக்கலாம்.

1957-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 24-ஆம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்தரை மணிக்கு, உத்திரமேரூர் பஜார் தெருவுக்குள் ஃப்ளூ காய்ச்சல் நுழையக் கூடாது என்று தடை விதிக்கப்பட்டது.

தடை விதித்தவர் வேர்க்கடலை மண்டி ஜெகபர் சாதிக். நாடு நாடாகச் சுற்றி, கப்பலேறி மதராசுக்கு வந்து இறங்கிய காய்ச்சல், தமுக்குச் சத்தம் கேட்டு நின்றுவிடும் என்று அவர் நம்பினார். ‘முதியோர் பாதுகாப்புக் கமிட்டி’ என்று ஒன்றை ஏற்படுத்தி, அதற்குத் தானே தலைவராகி, சிவப்பு மையில் நோட்டீசும் அடித்துவிட்டார். விதிகள் நான்கு. அறுபது தாண்டியவர்கள் வெளியே வரக் கூடாது. வீட்டில் படுத்திருக்கும் முதியவர்களைப் பார்த்துக்கொள்ள வருகிறவர்களுக்கு வாசலிலேயே தெர்மாமீட்டர் வைக்க வேண்டும்; தொண்ணூற்றொன்பதைத் தொட்டால் உள்ளே விடக் கூடாது. மூன்றாவது விதி, காய்ச்சல்காரருக்கு வீட்டுப் பாத்திரத்தில் எதுவும் கொடுக்கக் கூடாது. நான்காவது விதி, இந்த நோட்டீசில் பொட்டலம் கட்டக் கூடாது.

சிரிக்கலாம். ஆனால் இனி வருவது உண்மையாகவே நடந்தது. தேதி இருக்கிறது, மணி இருக்கிறது, சாதிக் தன் கைப்பட எழுதிய நோட்டு இருக்கிறது. அதை வாங்கிப் பார்த்தவர்கள் யாரும் இரண்டாம் தடவை கேட்டதில்லை.

இத்தனை ஆர்ப்பாட்டமும் யாருக்காக என்றால், ஒரே ஒரு ஆளுக்காக. சாதிக்கின் தகப்பனார், அத்தா ரஹமத்துல்லா. எழுபத்தொன்பது வயது. ஒரு காலத்தில் மூட்டையைத் தூக்கிப் பார்த்தே எடை சொன்ன மனிதர். பக்கவாதம் வந்து மூன்று வருடமாகப் படுக்கை. கையை ஊன்றி எழ முடியாது, பேச்சும் பாதிதான். எல்லாவற்றையும்விட மோசம், தொண்டை. வாயில் ஊற்றினால் கஞ்சி அங்கேயே நிற்கும். புரையேறினால் மூச்சு போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்தக் கஞ்சியை இறக்கத் தெரிந்தவன் இருசப்பன் ஒருவன்தான். பெருநகர்க்காரன். முன்பு ஆஸ்பத்திரியில் வார்டு பாயாக இருந்தவன். தினமும் முதல் பஸ்ஸில் வந்து கொல்லைக் கதவு வழியாக நுழைவான், சாயங்கால பஸ்ஸில் போவான். ஒரு கரண்டி கஞ்சியைப் பெரியவரின் வாயோரத்தில் விடுவான். பிறகு இரண்டு விரலைத் தொண்டைக்குழிக்கு மேலே வைத்து, மேலிருந்து கீழாக மெதுவாக நீவுவான்.

“முழுங்கு பெரியவரே... முழுங்கு...”

கஞ்சி இறங்கிவிடும்.

செவ்வாய்க்கிழமை இருசப்பனுக்கு வாசல் பரிசோதனை. சாதிக் நீலகிரித் தைலம் நனைத்த கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு, கையை முழ நீளத்துக்கு நீட்டி, தெர்மாமீட்டரை அவன் அக்குளில் வைத்தார்.

“இன்னா பாய், எனுக்கும் மூட்டைக்குக் குத்தற மாதிரி குச்சி வுட்டுப் பாக்கறீங்க?”

“சும்மா நில்றா. கமிட்டி ரூல்.”

தொண்ணூற்றெட்டு. நோட்டில் ஏறியது. அன்று மாலைக்குள் பஜார் தெருவில் இரண்டு முதியவர்கள் இறந்துபோனார்கள். கமிட்டி உறுப்பினர் ஏழு பேரில் ஐந்து பேர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். சாதிக் மனைவியையும் பிள்ளைகளையும் வாலாஜாபாத்தில் மாமியார் வீட்டுக்கு அனுப்பினார். வீட்டில் அவரும் அத்தாவும் மட்டும்.

புதன்கிழமை முதல் பஸ் வரவில்லை. டிரைவருக்குக் காய்ச்சல். இருசப்பன் எட்டு மைல் நடந்து வந்து சேர்ந்தபோது மணி எட்டு ஐந்து. கண் சிவந்திருந்தது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நூற்றிரண்டு.

“இருசப்பா, திரும்பிப் போ.”

“பெரியவருக்குக் கஞ்சி?”

“நான் பாத்துக்கறேன். காய்ச்சல் விட்டதும் வா. அதுவரைக்கும் இந்த வாசப்படி மிதிக்காதே.”

“தொண்டைய நீவணும் பாய். கீழேர்ந்து மேல போவக் கூடாது. மேலேர்ந்து...”

“தெரியும். போ.”

இருசப்பன் போகவில்லை. நாக்கால் உதட்டைத் தடவினான்.

“ஒரு வாய் தண்ணி குடுங்க பாய்.”

மூன்றாவது விதி. சாதிக் ஒரு நொடி தயங்கினார். உள்ளே அத்தாவின் இருமல் கேட்டது. கதவை இழுத்துக்கொண்டே சொன்னார்: “தெருக்கொழாய்ல குடிச்சிக்கோ.”

குழாயில் ஒன்பது மணிக்குத்தான் தண்ணீர் வரும். அது சாதிக்குக்கும் தெரியும்.

அன்று பகல் அவரே கஞ்சி ஊட்டினார். மூன்றாவது கரண்டியில் அத்தாவுக்குப் புரையேறியது. முகம் நீலமாகி, கஞ்சி மூக்கு வழியே வந்து, மூச்சு திரும்புவதற்குள் சாதிக்கின் உயிர் பாதி போய்விட்டது. அதற்குப் பிறகு கரண்டியைத் தொடக் கை வரவில்லை. அத்தா பட்டினி. இன்னும் இரண்டு நாள் இப்படிப் போனால் காய்ச்சலே தேவையில்லை.

வியாழன். விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு எழுந்தார். மணி ஆறு பத்து.

கொல்லைக் கதவில் தட்டும் சத்தம்.

டொக்... டொக்... டொக்...

திறந்தார். இருசப்பன் நின்றிருந்தான்.

“காய்ச்சல் வுட்டுப்போச்சி பாய்.”

சாதிக்குக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் தலைவர் என்றால் தலைவர். தெர்மாமீட்டரை உதறி, அக்குளில் வைத்தார். இரண்டு நிமிடம் எண்ணினார். எடுத்தார்.

தொண்ணூற்றைந்து.

அந்தக் குச்சியில் அதற்குக் கீழே கோடு கிடையாது. உதறிவிட்ட பாதரசம் உதறின இடத்திலேயே இருந்தது. இன்னொரு தடவை வைத்தார். தொண்ணூற்றைந்து. கை பட்ட இடம் மண்பானையைத் தொட்டது போலச் சில்லென்றிருந்தது.

குச்சி கெட்டுவிட்டதோ என்று தன் அக்குளில் வைத்துப் பார்த்தார்.

நூற்றொன்று.

குச்சி கெடவில்லை. கெட்டுப்போனது தலைவர்தான்.

“நீங்க உள்ள வராதீங்க பாய்,” என்றான் இருசப்பன். “ரூல் கீதே. முன்னறைல போயி படுங்க. பெரியவர நான் பாத்துக்கறேன்.”

சாதிக் அப்படியே பின்வாங்கி முன்னறைக்குப் போனார். முந்தைய நாளின் தண்ணீர் மனத்தை உறுத்தியது.

“இருசப்பா, பானைல தண்ணி இருக்கு. குடிச்சிக்கோ.”

“இப்ப வாணாம் பாய்.”

கதவைச் சாத்தும்போதுதான் அவன் காலைப் பார்த்தார். ஆனி மாதத்துப் புழுதியில் எட்டு மைல் நடந்து வந்த கால். ஒரு பொட்டுத் தூசி இல்லை.

நோட்டில் எழுதினார்: ‘27, வியாழன், காலை 6.10. இருசப்பன், 95. காய்ச்சல் இல்லை. அனுமதிக்கலாம்.’

வெள்ளி, 95. சனி, 95. தினமும் காலையில் கதவிடுக்கு வழியாகக் குச்சியை நீட்டுவார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை வாங்கும். இரண்டு நிமிடம் கழித்துத் திருப்பிக் கொடுக்கும். ஊரில் எல்லோருக்கும் தொண்ணூற்றெட்டு இருக்க, இவனுக்கு மட்டும் தொண்ணூற்றைந்து என்றால், இது சாதாரண ஆரோக்கியத்துக்கு மேற்பட்ட ஏதோ ஓர் ஆரோக்கியம் என்று காய்ச்சல் வேகத்தில் தலைவர் முடிவு செய்தார். ‘மற்ற பணியாளர்களுக்கு முன்மாதிரி’ என்றுகூட ஓரத்தில் எழுதினார்.

அவருக்கும் கஞ்சி வந்தது. கதவுக்கு வெளியே தரையில் இருக்கும். ஆறியிருக்கும். எவ்வளவு சீக்கிரம் எடுத்தாலும் ஆறியே இருக்கும். அடுப்புப் புகை வாசனை ஒருநாளும் வரவில்லை.

படுத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பார். தம்ளரில் கரண்டி படும் சத்தம். டிங்... டிங்... அதன் பின் அந்தக் குரல். “முழுங்கு பெரியவரே... முழுங்கு...” நடக்கும் சத்தம் மட்டும் கேட்காது. கொல்லைத் தாழ்ப்பாள் திறக்கிற சத்தமும் கேட்காது.

ஞாயிறு. மஃரிப் பாங்கு முடிந்து, மணி ஏழு. அவன் வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய நேரம்.

டிங்... டிங்...

“இருசப்பா, இன்னும் போவலையா?”



டிங்...

திங்கட்கிழமை, ஜூலை 1. மாலை ஐந்து ஐம்பது. சாதிக் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஓசைப்படாமல் கதவைத் திறந்தார். கூடத்துக்கு அந்தப் பக்கம் அத்தாவின் அறை தெரிந்தது. பலகணி வழியாக மஞ்சள் வெயில் விழுந்திருந்தது.

இருசப்பன் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்திருந்தான். இரண்டு விரல் அத்தாவின் தொண்டையில். முகம் இந்தப் பக்கம் பாதி திரும்பியிருந்தது.

ஒரு ஈ வந்து அவன் கன்னத்தில் உட்கார்ந்தது.

மேலே ஊர்ந்தது.

கண்ணுக்குள் போனது. திறந்த கண். அந்த விழியின் மேல் நடந்தது...

இமை அசையவில்லை.

“வராதீங்க பாய்.”

உதடும் அசையவில்லை.

சாதிக் கதவைச் சாத்தினார். தாழ் போட்டார். காய்ச்சல். காய்ச்சலில் கண் இப்படித்தான் காட்டும். அப்படித்தான் சொல்லிக்கொண்டார். மறுநாள் காலை முகத்தைத் திருப்பிக்கொண்டு குச்சியை நீட்டினார்.

95.

புதன், ஜூலை 3. சாதிக்குக்குத் தொண்ணூற்றெட்டு. காய்ச்சல் விட்டது. ஆறு பத்துக்கு யாரும் கதவு தட்டவில்லை. அத்தாவின் அறைக்கு ஓடினார்.

அத்தா சுகமாகப் படுத்திருந்தார். காய்ச்சல் அவரைத் தொடவே இல்லை. வெளுத்த கைலி, வாரிய தலை, கன்னத்தில் கொஞ்சம் சதைகூட.

“இருசப்பன் எங்கத்தா?”

“இப்... பதான்... போனான்.”

கொல்லைக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது.

எட்டு ஐந்துக்குத் தெருவிலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். இருசப்பனின் பெண்சாதி சிட்டம்மாள். வாசற்படிக்கு இரண்டு முழம் தள்ளியே நின்றாள்.

“மேல வா சிட்டம்மா. காய்ச்சல் போயிடுச்சு.”

“வாணாம் பாய். வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னீங்களாமே. அவரு சட்டை ஒண்ணு இங்க மாட்டி வெச்சிருந்தாரு. அத்த எடுத்துக் குடுங்க, நான் போறேன்.”

“சட்டை எதுக்கு?”

“இன்னிக்கி எட்டாம் நாளு. படைக்கணும்.”

சாதிக்குக்குப் புரியவில்லை. புரிய வேண்டாம் என்று நின்றார்.

“போன புதங்கெழம இங்கேர்ந்து திரும்பி நடந்தாரில்ல. பாதி வழில பனமரத்தடில வுழுந்து கெடந்தாரு. வண்டிக்காரன் தூக்கினு வந்தான். வூட்டுக்குக் கொண்டாரும்போதே உசுரு இல்ல. அன்னிக்கிப் பொழுது சாயவே பொதச்சிட்டோம்.” முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். “வண்டில ஒரே பேச்சாம். காய்ச்சல் வுட்டதும் போவணும், காய்ச்சல் வுட்டதும் போவணும்னு.”

சாதிக் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். ஒரு வாரத்துக்கு முன்பு இருசப்பன் பிடித்த அதே இடம்.

“பேஜாரு புடிச்ச மனுசன் பாய். சாவறப்பவும் வேலைக்குப் போறதப் பத்தியே பேச்சு.”

“தண்ணி... தண்ணி குடிக்கிறியா சிட்டம்மா?”

“வாணாம் பாய்.”

சட்டை அத்தாவின் அறையில் ஆணியில் தொங்கியது. எடுத்தபோது தோளில் ஒரு வாரத் தூசி படிந்திருந்தது. கொடுத்தார். அவள் போனாள். வெயிலில் பெருநகர் சாலை வரை பார்த்துக்கொண்டு நின்றார். ‘நேற்று வரைக்கும் இங்கேதான் இருந்தான்’ என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

மதியம் பன்னிரண்டே கால். அத்தாவுக்குப் பசி. இனி வேறு ஆள் இல்லை. சாதிக் அடுப்பு மூட்டி, கஞ்சி வைத்து, கட்டிலோரம் உட்கார்ந்தார். ஒரு கரண்டி எடுத்தார். வாயோரத்தில் விட்டார். கஞ்சி அங்கேயே நின்றது.

இரண்டு விரலை நீட்டினார்...

தொடவில்லை. தொடுவதற்கு முன்பே...

அத்தாவின் தொண்டையில் தோல் குழிந்தது.

இரண்டு குழி. பக்கத்தில் பக்கத்தில்.

மெதுவாக இறங்கின...

மேலிருந்து கீழாக.

அத்தா விழுங்கினார். வாயைத் திறந்தார், அடுத்த கரண்டிக்கு.

ரஹமத்துல்லா அதற்குப் பிறகு மூன்று வருடம் இருந்தார். ஒருநாளும் புரையேறவில்லை. ஒருநாளும் காய்ச்சல் வரவில்லை. கரண்டி பிடித்தது சாதிக்தான். தொண்டையை அவர் தொட்டதே இல்லை. தினமும் ஆறு பத்துக்குக் கொல்லைக் கதவைத் தாழ் நீக்கி, படியில் ஒரு செம்புத் தண்ணீர் வைப்பார். மாலையில் எடுப்பார். அளவு குறைந்திருந்ததே இல்லை.

கமிட்டி அறிக்கை ஆகஸ்டில் தயாரானது. பஜார் தெருவில் படுக்கையில் இருந்த முதியவர்கள் எட்டுப் பேர், இறந்தவர்கள் ஏழு, பிழைத்த ஒருவர் கமிட்டித் தலைவரின் தகப்பனார். விதிகளைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்ததன் பலன் என்று எழுதினார்கள்; தலைவருக்கு மாலைகூடப் போட்டார்கள். விசாரிக்க வந்த டாக்டர் நோட்டைப் புரட்டி, ஒரு பக்கத்தில் நின்றார். ஆறு நாளும் தொண்ணூற்றைந்தா, உயிருள்ள மனுஷனுக்கா, உங்கள் குச்சியில் ஏதோ கோளாறு என்று சொல்லி, அதைப் பரிசோதனைக்கு எடுத்துப் போனார்.

பதினைந்து நாளில் பதில் வந்தது. தெர்மாமீட்டர் சரியாக இருக்கிறது.