எத்தனை மான் என்று கேட்டேன்

சில வருடங்களுக்கு முன்பு துபாய் பக்கத்தில் உள்ள புஜைராவில், எண்ணெய் டாங்க் கட்டும் சைட்டில் வேலை பார்த்தேன். வெல்டிங் சோதிக்க நார்வேயிலிருந்து ஒருவர் வந்திருந்தார். முதல் நாளே "நான் சாமி" என்றார். அரபிகளில் அப்படிப் பெயர் உண்டு, பெயரைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். எங்கள் ஆட்களுக்குக் கேட்கவா வேண்டும்! "சாமி, லீவு வரம் குடுங்க சாமி" என்று கும்பிட ஆரம்பித்துவிட்டார்கள். விஷயம் புரியாமல் அவரும் சிரித்துக்கொண்டே கும்பிட்டார்.

சாமி என்பது அவருடைய இனத்தின் பெயர் என்று பிறகுதான் தெரிந்தது. நார்வேயின் வடகோடியில், காலங்காலமாகத் துருவ மான் மேய்க்கும் பழங்குடி. இவருடைய மான்களைத் தம்பி பார்த்துக்கொண்டிருந்தான். நான் திருநெல்வேலிக்காரன், ஆடு மாடு என்றால் எண்ணிக்கை கேட்காமல் இருப்பேனா? அரைகுறை இங்கிலீஷில் "எத்தனை மான் வச்சிருக்கீங்க?" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "பேங்க்ல எவ்வளவு பணம் இருக்குன்னு கேட்கிற மாதிரி இது. எங்க ஆளுங்க அதைக் கேட்கவும் மாட்டாங்க, சொல்லவும் மாட்டாங்க" என்று பேச்சை மாற்றினார். கூசிப்போனேன்.

இன்னொரு நாள் சாப்பிடும்போது, மேய்ச்சல் மலையில் காற்றாலை நட்டுவிட்டார்கள் என்றார். சுழலும் இறக்கைக்குப் பயந்து மான்கள் அந்தப் பக்கமே வருவதில்லையாம். இவர்கள் வழக்குப் போட்டு ஜெயித்தும் காற்றாலையை யாரும் அகற்றவில்லையாம். நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்க ஊர்ல காற்றாலைக்கு அடியிலேயே ஆடு மேயுதே" என்றேன். அவர் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து போனார்.

சில வாரம் கழித்து, டாங்க் நிழலில் நின்றுகொண்டிருந்தோம். அவருக்கு ஊரிலிருந்து போன் வந்தது. கேட்டு முடித்து, ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"எத்தனைன்னு கேட்டீங்களே. இப்ப சொல்லலாம். ஒண்ணுகூட இல்லை."

மேய்ச்சல் மலை போனபின் விலைக்குத் தீனி வாங்கிப் போட்டுச் சமாளிக்க முடியாமல், கடைசி மான் வரை கறிக்கு அனுப்பிவிட்டானாம் தம்பி. அவர் தோளில் ஒரு கை வைக்கக்கூடத் தோன்றவில்லை. அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே வெறுப்பு வருகிறது. அந்த நேரம் பார்த்து எங்கள் ஆள் ஒருவன் "சாமி, லீவு" என்று கும்பிட்டுக்கொண்டே போனான். பழக்கதோஷத்தில் அவரும் கைகுவித்தார்.

வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்ள ஏதாவது மிச்சமிருப்பதே பெரிய கொடுப்பினை என்று அன்று புரிந்தது. எனக்குப் புரிந்து அவருக்கு என்ன ஆகப்போகிறது?