லில்லியின் சீட்டு, ஜெசியின் ஊசி

பாறசாலை ஸ்டேஷனில் இறங்கியபோது காலை மணி ஏழு இருபது. நாகர்கோவிலிலிருந்து பாசஞ்சரில் சுமார் நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் ஏழு ரூபாய். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜூலை மாதம், புதன்கிழமை. மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. திருநெல்வேலி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான்கு நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தேன். பூவாரில் நெய்யாறு கடலில் சேரும் இடத்துக்கு வள்ளத்தில் கூட்டிப்போகிறேன் என்று என் கல்லூரித் தோழி ஜெசி வருஷக்கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதற்காகப் புதுச் செருப்பு வேறு வாங்கியிருந்தேன். இப்போதே சொல்லிவிடுகிறேன், பூவாரை நான் பார்க்கவில்லை. பூவாருக்காகப் படிப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

ஜெசி தனுவச்சபுரத்தில் ஒரு டுடோரியலில் கணக்கு டீச்சர். பிறந்த வீடு எல்லைக்கு அந்தப்பக்கம், களியக்காவிளைக்கு அருகே தமிழ்நாட்டில். கட்டிக்கொடுத்தது இந்தப்பக்கம், பாறசாலைக்கு அருகே கேரளத்தில். கணவர் குவைத்தில். ஸ்டேஷனில் வயிற்றைப் பிடித்தபடி நின்றவளைப் பார்த்து, "என்னடி, ஏதும் விசேஷமா?" என்று கிண்டலடித்தேன்.

"விசேஷந்தான். நாயி கடிச்சு. தொப்புளச் சுத்தி நாலு ஊசி போட்டாச்சு. இன்னும் பத்து உண்டு."

"அந்த நாய் எங்கே?"

"மூணாம் நாளு செத்துப் போச்சு மக்கா. அதாக்கும் எனக்குப் பயம்."

நாய் செத்தால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் திரும்பி வந்தவர் கிடையாது. அப்போது அரசு ஆஸ்பத்திரியில் பதினான்கு ஊசி, நாளுக்கொன்றாக, நடுவில் நாள் விடாமல். தனியாரில் வேறு ஊசி உண்டு, அது டுடோரியல் டீச்சருக்கு எட்டும் விலையில் இல்லை. இன்று ஐந்தாவது நாள். பையை அவள் வீட்டில் போட்டுவிட்டு, ஆப்பத்தைப் பாதியில் விட்டு, கிளம்பினோம்.

எட்டே முக்காலுக்குத் தமிழ்நாட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், அங்கேயும் நல்லவர்கள் இருக்கிறார்கள். முதல் நான்கு ஊசியும் அங்கேதான் போட்டது. ஊசி போடும் அறைக்கதவு சாத்தியிருந்தது. கம்பவுண்டர் வெளியே நின்று பல் குத்திக்கொண்டிருந்தார்.

"மருந்து தீந்து போச்சு. அடுத்த வாரம் வாங்க."

"அடுத்த வாரம் வரைக்கும் நாய்க்கடி காத்துக்கிட்டு இருக்குமா சார்?" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நாளெல்லாம் ஹெட்போனில் கத்திப் பழகிய குரல் வேறு. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மேலே எழுதிக் கேட்டிருக்கிறது என்றார். யார் எழுதினார்கள், எப்போது எழுதினார்கள் என்று கேட்டேன். உள்ளே போய்விட்டார்.

பஸ்ஸில் களியக்காவிளை. அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் எல்லை தாண்டினோம். செக்போஸ்டில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. கடைப் பலகைகளில் எழுத்து மாறியது. மற்றபடி அதே ரப்பர் மரம், அதே மரச்சீனிக் கிழங்குத் தோட்டம், அதே செம்மண் சகதி. பத்தே காலுக்குக் கேரளத்துப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றோம். இங்கே மருந்து இருந்தது! சீட்டு எழுதும் கிளார்க்கே சொன்னார். ஜெசி சந்தோஷமாகப் பழைய சீட்டையும் தன் ரேஷன் கார்டையும் நீட்டினாள். கிளார்க் இரண்டையும் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"லில்லி ஆரு? நீங்களோ?"

ஜெசி சீட்டைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினாள். அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. எல்லையோரத்தில் அநேகம் குடும்பங்களுக்கு அந்தப்பக்கம் ஒரு வீடு, இந்தப்பக்கம் ஒரு வீடு. எந்தப் பக்கம் மருந்து இருக்கிறதோ அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர் ரேஷன் கார்டைக் காட்டிச் சீட்டு வாங்குவது ஊர் வழக்கம். கடிபட்ட அன்று கேரளத்துப் பக்கம் மருந்து இல்லை. நாய்க்கடி மருந்து அந்த மாவட்டத்துக்காரர்களுக்கு மட்டும்தான் என்று தமிழ்நாட்டுப் பக்கத்தில் சொன்னதால், ஜெசி அண்ணன் மனைவி லில்லியின் கார்டைக் கொடுத்து லில்லி ஆகிவிட்டாள். கணக்கு டீச்சர் இந்தக் கணக்கைப் போடவில்லை. காய்ச்சலுக்கு மாத்திரை என்றால் ஒரே நாளில் முடிந்துவிடும், பெயர் தேவையில்லை. இது பதினான்கு நாள்.

"கடிபட்டது லில்லியெங்கில் லில்லி வரட்டும்," என்றார் கிளார்க். "இல்லெங்கில் ஜெசிக்குப் புதுச் சீட்டு. ஒண்ணு முதல் பதினாலு."

ஏற்கெனவே நான்கு குத்தி வீங்கிய வயிற்றில் இன்னும் பதினான்கு. "லில்லி மைனியைக் கூட்டிட்டு வாறேன்," என்று ஜெசி நடக்க ஆரம்பித்துவிட்டாள். இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று திட்டிக்கொண்டே பின்னால் ஓடினேன். புதுச் செருப்பு காலைக் கடித்தது.

மறுபடி எல்லை தாண்டிப் போனபோது லில்லி மைனி மீனுக்குத் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். பாவம், கேட்டதும் கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டாள். நான்தான் லில்லி என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று ஜெசி சொல்லியிருந்தாள். பன்னிரண்டரைக்கு மறுபடி அதே ஜன்னல். ஒரு மணிக்கு மூடிவிடுவார்கள். கிளார்க் லில்லியின் கார்டைச் சரிபார்த்து முத்திரை குத்தினார். சிஸ்டர் வந்து லில்லியின் கையைப் பிடித்து ஊசி அறைக்குள் கூட்டிப்போனாள். படுக்கச் சொன்னாள். உள்ளிருந்து ஒரு அலறல்.

"எனக்க வயித்தில என்னத்துக்குக் குத்துதிய? நாயி என்ன ஏறிட்டும் பாக்கல்லியே!"

லில்லி மைனி முந்தானையைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், உண்மையைச் சொன்னால் என்ன. ஜெசி சிரிக்கவில்லை. சிஸ்டரைத் தாண்டி நேரே டாக்டரம்மாவின் அறைக்குள் போய் நின்றாள்.

"கடிச்சது என்னயாக்கும். எனக்க பேரு ஜெசி. சீட்டில உள்ளது எனக்க மைனி பேரு."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "பதிவு இல்லாம நான் எப்படி அஞ்சாவதுன்னு எழுதுவேன்? பேரை மாத்திச் சொன்னது உங்க தப்பு இல்லையா?"

"தப்புதான். உள்ள பேரச் சொன்னா மருந்து இல்லன்னு சொன்னாவ. மைனி பேரச் சொன்னதும் குத்தினாவ. நான் என்ன செய்யணும்?" ஜெசி மேஜைக்கு அருகே போனாள். "பதிவு இங்க உண்டு டாக்டரே. எண்ணிப் பாருங்க."

சேலையை விலக்கினாள். தொப்புளைச் சுற்றி நான்கு வீக்கம். முதலாவது வற்றத் தொடங்கியிருந்தது, கடைசி இரண்டும் நெல்லிக்காய் அளவுக்குச் சிவந்து புடைத்திருந்தன. டாக்டரம்மா எழுந்து வந்து ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். காலில் கடிவாயையும் பார்த்தார். நான் கதவோரம் நின்று அழுதுகொண்டிருந்தேன். கோபமா வருத்தமா என்று கேட்டால் இரண்டும்தான்.

புதுச் சீட்டில் ஜெசி என்று எழுதி, ஐந்தாம் நாள் என்று டாக்டரம்மா தன் கையாலேயே எழுதினார். மணி ஒன்றுக்கு இரண்டு நிமிடம். ஊசி போட்டு வெளியே வந்த ஜெசி வீட்டுக்குக் கிளம்பவில்லை. திரும்பவும் உள்ளே போனாள். மிச்சம் ஒன்பது நாளுக்கும் மருந்து இருக்கிறதா, இல்லை என்றால் இன்றே யாருக்கு எழுத வேண்டும், எழுதுங்கள், நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றாள். டாக்டரம்மா அலமாரியைத் திறந்து குப்பிகளை எண்ணினார். ஐந்து நாளுக்குத்தான் இருந்தது. கடிதம் எழுதினார்.

அந்தக் கடிதத்தோடு வியாழக்கிழமை ஊசி முடிந்ததும் நாங்கள் நெய்யாற்றின்கரைக்குப் பஸ் ஏறினோம், பத்து கிலோமீட்டர். அங்கே மருந்து அனுப்பும் அலுவலகத்தில் நாளை வாருங்கள் என்றார்கள். வெள்ளிக்கிழமையும் போனோம். பெஞ்சில் உட்கார்ந்து ஜெசி பிள்ளைகளின் பரீட்சைத்தாளைத் திருத்தினாள். எழுந்து போ என்று யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டாள். மாலை நாலரைக்கு ஒரு பெட்டி மருந்து அனுப்ப உத்தரவு கையெழுத்தானது.

சனிக்கிழமை எட்டாவது ஊசி. வரிசையில் ஒரு பெரியவர், கணுக்காலில் கட்டு. ஜெசியிடம் மெல்லக் குனிந்து, "மக்கா, அங்கோட்டு, தமிழ்நாட்டுப் பக்கம் சீட்டு எடுக்கணுமெங்கில் ஆருக்க கார்டு குடுக்கணும்?" என்று கேட்டார்.

"ஆருக்கதும் வேண்டாம் அப்பச்சா. உங்க பேரு என்ன? அத இங்கயே சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க."

மத்தியான வண்டியில் நான் ஊர் திரும்பினேன். பதினான்கும் முடிந்துவிட்டது என்று அடுத்த சனிக்கிழமை ட்ரங்க் காலில் சொன்னாள். ஆனால் அதுவரை காத்திருக்க எனக்குப் பொறுமை இருக்கவில்லை. எங்கள் ஊரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெருவில்தான் இருபது வருஷமாகக் குடியிருக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. திங்கட்கிழமை டூட்டிக்குப் போகும் முன் நுழைந்து, நாய்க்கடி மருந்து இருக்கிறதா என்று கேட்டேன்.

"யாரைக் கடிச்சுது?" என்றார் ஜன்னலுக்குள் இருந்தவர்.

"இன்னும் யாரையும் கடிக்கலை," என்றேன். "எத்தனை நாளுக்கு இருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க, நிக்கிறேன்."