மஞ்சள் தாளும் மூன்றாம் காட்சியும்

டெனிஷ் நகரமான ஹோர்சன்ஸில் கதவுகள் செய்யும் தொழிற்சாலையில் மரியரட்ணம் அண்ணைக்கு நல்ல பெயர். வெள்ளிக்கிழமைகளில் அங்கே வெள்ளைப் பலகைக்கு முன்னால் கூட்டம் நடக்கும். யாருடைய வேலையில் என்ன பிழை என்று மஞ்சள் தாளில் எழுதி ஒட்டுவார்கள். தன் பெயருக்கு நேரே ஒட்டியதை அண்ணை சிரித்த முகத்தோடு வாசித்து, அடுத்த கிழமையே திருத்திவிடுவார்.

சனிக்கிழமை நாடக ஒத்திகையில் அந்தச் சிரித்த முக மனுஷனைத் தேடினாலும் கிடைக்கமாட்டார். எங்கள் சனம் கிறிஸ்மஸுக்கு நடத்தும் ஒளிவிழா நாடகத்தை எழுதுவதும் பழக்குவதும் அண்ணைதான். ஒத்திகை முடிந்ததும் தேநீர்க் கோப்பையோடு நடிக்கும் எங்கள் ஆறு பேரையும் வட்டமாக இருத்தி, "குறை இருந்தால் சொல்லுங்கோ" என்பார். "நல்லாயிருக்கண்ணை" என்று நான்தான் முதலில் சொல்வேன். சொன்னால்தானே வீட்டுக்குப் போகலாம்.

முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் சுபாஜினி அந்த வருடம் புதிதாகச் சேர்ந்திருந்தாள். மூன்றாம் காட்சியில், மகனைப் பறிகொடுத்த தகப்பன் இரண்டு பக்கத்துக்கு வசனம் பேசி அழுவார். தகப்பன் வேடம் அண்ணைக்கு.

"அந்த வசனம் வேண்டாமண்ணை," என்றாள் சுபாஜினி. "ஆள் செத்தவுடனை சொந்தக்காரர் இவ்வளவு கதைக்கிறேல்லை. நான் வேலையில பாக்கிறனான். பிள்ளை காலில போட்ட சப்பாத்தை மடியில வைச்சுக்கொண்டு பேசாமல் இருந்தால் காணும்."

அண்ணையின் முகம் கறுத்தது. "நீ எத்தினை நாடகம் போட்டனீ? டெனிஷ் கிழவியளைக் குளிப்பாட்டுற உனக்கு எங்கட சனத்தின்ர அழுகை விளங்குமோ?"

அவள் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். பிறகு வரவேயில்லை. அவள் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கோழைத்தனத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

விழாவன்று முதல் பக்க வசனம் முடியுமுன்பே சனம் கைபேசியை எடுத்துவிட்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அண்ணை மிச்ச வசனத்தை அவசரமாகச் சொல்லி முடித்ததை மேடையோரத்தில் நின்று கேட்டேன்.

அடுத்த வருடம் அதே நாடகத்தை, வசனத்தை வெட்டிவிட்டுப் போட்டார். மடியில் ஒரு சோடிச் சப்பாத்து மட்டும். மண்டபமே அழுதது. பாராட்ட வந்தவர்களிடமெல்லாம், "அது சுபாஜினியின்ர யோசனை" என்றார். அதற்குள் அவள் தொலைவில் உள்ள புரொண்பி நகருக்குக் குடிபோயிருந்தாள்.

போன மாதம் புதிய நாடகத்தின் பிரதியோடு என்னையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கு ரயிலேறினார். மேசையில் பிரதியை வைத்து, பக்கத்தில் ஒரு கட்டு மஞ்சள் தாளும் பேனையும் வைத்தார்.

"அண்டைக்கு நான் கதைச்சது பெரிய பிழை, பிள்ளை. மன்னிச்சுக்கொள். இதில குறை எவ்வளவு இருந்தாலும் எழுது."

"அதையெல்லாம் நான் மறந்திட்டன் அண்ணை," என்று சிரித்தாள். பக்கம் பக்கமாக வாசித்தாள். ஓரிடத்தில் வாசிப்பை நிறுத்தினாள். கை பேனைப் பக்கம் போனது. பிறகு பக்கத்தைப் புரட்டிவிட்டாள்.

வாசித்து முடித்ததும், "நல்லாயிருக்கண்ணை," என்றாள்.

திரும்பும் ரயிலில் அண்ணை அவள் தயங்கிய அந்தப் பக்கத்தையே விரித்து வைத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊருக்கு முந்திய வைலே நிலையம் தாண்டியதும் என்னிடம் நீட்டினார்.

"இதில என்ன பிழையெண்டு உனக்குத் தெரியுதோ?"

இரண்டு தரம் வாசித்தேன். எனக்குத் தெரியவில்லை.