மூன்றாவது ஸ்டே கம்பி

திருவிடந்தையில் நான் வீடு கட்டியதே, பொழுதுபோக்காக ஊர் ஊராக ஆட்களோடு வானொலி அலையில் பேசும் ஹாம் ரேடியோவுக்காகத்தான். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் நடத்துகிறேன். முன்பு குடியிருந்த அடுக்குமாடியில் ஆன்டெனா வைக்க விடவில்லை. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் பணி ஓய்வு பெற்று, அணுபுரம் குடியிருப்பிலிருந்து ஊருக்குக் கிளம்பிய இன்னொரு ஹாம் தன்னுடைய ஐம்பதடி டவரை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஒல்லியான டவர். தானாக நிற்காது. மின்கம்பத்துக்கு இழுத்துக் கட்டுவது போல, மூன்று பக்கமும் ஸ்டே கம்பி இழுத்துத் தரையில் கட்ட வேண்டும்.

தரை என்றால் இங்கே மணல். வீடு கட்டித் தந்த மேஸ்திரியையே கூப்பிட்டேன். நாலடி தோண்டி, கம்பி வைத்த கான்கிரீட் கட்டையைப் புதைத்து, அது இறுகப் பத்து நாளாவது விட வேண்டும் என்றார். இரண்டு குழியை அப்படியே முடித்து, இறுகவும் விட்டார். மூன்றாவது கடல் பக்கம் வந்தது. அங்கே தோண்டினால் தூர்ந்துபோன கிணற்றின் உறை தட்டுப்பட்டது. அதைச் சுற்றி எல்லாம் போட்டு மூடிய மண்.

"இங்க எது நட்டாலும் நிக்காது சார். கடல் காத்து மொத்தமும் இந்தக் கம்பி மேலதான் வரும். தள்ளித் தோண்டலாம், இன்னொரு பத்து நாள் குடுங்க" என்றார்.

எனக்குப் பத்து நாள் இல்லை. அந்தச் சனி, ஞாயிறு, யார் அதிகம் பேரோடு பேசுகிறார் என்று ஹாம்களுக்குள் நடக்கும் போட்டி இருந்தது. இழுவிசைக் கணக்கெல்லாம் படித்தவன் நான் என்று அவரிடம் சொன்னேன். அவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் நானே இரண்டு ஆங்கிள் இரும்பைச் சம்மட்டியால் அடித்து இறக்கி, கம்பியைக் கட்டினேன். அதைப் பிடித்துத் தொங்கியும் பார்த்தேன். அசையவில்லை. போட்டி நன்றாகவே நடந்தது. அதற்குப் பிறகு மூன்றாவது குழியை நான் நினைக்கவே இல்லை.

ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் மதியம் காற்று எழுந்தது. இரண்டு இரும்பும் சேற்றோடு பிடுங்கிக்கொண்டு வர, டவர் மேற்கே சாய்ந்து பக்கத்து வீட்டு பாயின் சமையலறை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை மேல் விழுந்தது. பாயின் மனைவி உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தார். உடைந்த ஷீட் தோளைக் கிழித்துவிட்டது.

என் காரிலேயே செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். உள்ளே தையல் போடும்போது வராந்தாவில் பாய் என்னிடம் கேட்டார். "இன்னா சார், கெட்டியா தானே கட்டினீங்க?"

"மேஸ்திரி போட்டது பாய். சரியா போடல."

யோசிக்கக்கூட இல்லை, வாய் அதுவாகச் சொன்னது. பாய் தலையை ஆட்டினார். எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அதை இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

பாய் தன் வீட்டு மாடியில் அறை கட்ட அதே மேஸ்திரியிடம் பேசி வைத்திருந்தார். அதை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். கேட்டவர்களிடம் காரணமும் சொன்னார். நாலாம் நாள் மேஸ்திரி என் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து வாசலிலேயே நின்றுகொண்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"நான் போட்ட ரெண்டும் அப்டியே கீது சார். போய்ப் பாருங்க." அவ்வளவுதான். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

போய்ப் பார்த்தேன். இரண்டும் துளி அசையாமல் இருந்தன.

அன்று சாயங்காலம் பாய் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். தோளில் கட்டோடு இருந்த பாயின் மனைவிதான் பேசினார்.

"எங்ககிட்ட சொல்லி இன்னா சார்? அந்தாளு பேருதானே கெட்டுச்சு. அவர்கிட்ட போய் சொல்லுங்க. நாலு பேர் இருக்கசொல்ல சொல்லுங்க."

மறுநாள் காலையில், வேலைக்குக் கிளம்பும் கொத்தனார்கள் கூடும் ஈசிஆர் டீக்கடைக்குப் போனேன். மேஸ்திரியும் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். பிடுங்கிக்கொண்டது நான் அடித்த இரும்பு, மேஸ்திரி வேண்டாமென்று சொல்லியும் அடித்தேன், பழியை அவர் மேல் போட்டேன் என்றேன். ஒருவர் தன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். மேஸ்திரி டீயைக் குடித்து முடித்தார்.

"பாய் சம்சாரத்துக்குத் தையல் பிரிச்சாச்சா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். மூன்றாவது குழியை அவரே வந்து போட முடியுமா என்று கேட்டேன். வேறு ஆளை அனுப்புகிறேன் என்றார்.

சொன்னபடியே ஒருவர் வந்தார். நான் வாயைத் திறக்குமுன், கிணற்று உறையிலிருந்து எட்டடி தள்ளி அளந்து குச்சி நட்டார். அண்ணாத்த சொல்லித்தான் அனுப்பினார் என்றார். பத்து நாள் காத்திருந்தேன். விழுந்தாலும் தன் கூரையை எட்டக்கூடாது என்று பாய் சொன்னதால், டவரை முப்பதடியோடு நிறுத்திக்கொண்டேன்.

மாடி அறை வேலை மட்டும் மேஸ்திரிக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அதற்குள் புதிய ஆள் செங்கல் இறக்கிவிட்டார்.