மெயின் சுவிட்சும் போர்டோ சிவப்பும்

வைன் கடை வேலை என்றால் பாட்டில்களைத் தூங்க வைக்கிற வேலை. எங்கள் கடையில் எல்லாம் முழித்துக்கொண்டன.

முட்டித் தள்ளிய கார்க்

தைப்பூச விடுமுறை முடிந்து கடையைத் திறந்து மாடிக்கு ஏறினேன். வைன் அறைக் கதவைத் திறந்ததும் அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. படுக்க வைத்திருந்த போர்டோ என்கிற பிரெஞ்சு சிவப்பு வைன்களில் கார்க் மேல்தகட்டை முட்டித் தூக்கி, கழுத்தில் பிசுபிசுவென்று வடிந்திருந்தது. அறையைக் குளிர வைக்கும் ஏர்கோன் கெட்டுப்போகவில்லை. முதலாளி சேகரண்ணே தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கிளம்பும்முன் சாமி படத்துக்குச் சூடம் காட்டிவிட்டு, பண்டிகைக்குக் கடை அடைத்தால் நம் ஆட்கள் செய்வதுபோலவே மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். குளிரில் வருஷக்கணக்காகத் தூங்க வேண்டிய வைன் ஓட்டுக்கூரைக்குக் கீழே வெந்திருக்கிறது.

சேகரண்ணே வந்து பார்த்தார். முகம் மாறியது. என் கையில் ஒரு துணியைத் திணித்தார். சம்பளத்துக்கு நிற்கும் சக பாவிகளே, அந்தத் துணி உங்கள் கைக்கும் வந்திருக்கும். "தொடச்சு வை. கார்க்க அமுக்கி விடு. வாய மட்டும் தொறக்காத லா!"

யார் வீட்டு ரூம்?

நான் எஸ்.பி.எம். பரீட்சை எழுதியதோடு படிப்பை விட்டவன். நான் சொன்னால் யாரும் லேசில் நம்ப மாட்டார்கள். ஒருமுறை ஆயர் ஈத்தாமில் டியூஷன் நடத்தும் சார் ஒருவர் ருசி பார்க்க வந்தார். பக்கத்துக் கோப்பிக் கடையில் ஐஸ் வாங்கி வந்து பாட்டிலை அதில் வைத்தேன்.

"தம்பி, சிவப்பு வைன ரூம் டெம்பரேச்சர்ல குடிக்கணும். படிச்சதில்லையா?"

"அது பிரெஞ்சுக்காரன் ரூம், சார். பினாங்கு ரூம் இல்ல."

சேகரண்ணே முறைத்தார். சார் வெளியே இருந்த பாட்டிலில் ஒரு கிளாஸ், ஐஸில் இருந்ததில் ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்தார். முதல் கிளாஸை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "நீ பேசறது பிடிக்கல. வைன் பிடிச்சிருக்கு."

மோந்து பார்க்கச் சட்டம் இல்லை

எனக்கு இன்னும் குடிக்கிற வயசு வரவில்லை. மோந்து பார்ப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. நல்ல போர்டோவை கிளாஸில் சுழற்றினால் அப்போதுதான் சீவிய பென்சில் வாசம் வரும். வைனுக்கு வயசாக ஆக ஈர மண், பழைய தோல் பெல்ட். வெந்த பாட்டிலில் ஒன்றைத் திறந்தோம். அடிப்பிடித்த ஜாம் வாசம்தான் வந்தது.

"போச்சுண்ணே" என்றேன்.

"குடிக்காத ஆளுக்கு என்னடா தெரியும்? பழசானா இப்படித்தான்."

கவுண்டரில் இருக்கும் மீனா அக்காவிடம் நீட்டினார். அக்கா ஒரு வாய் வைத்து, அப்படியே துப்பினார்: "இத கோழிக்கறியிலகூட ஊத்த மாட்டேன்!"

பழுத்திருக்குன்னு சொல்லு

வெந்ததில் ஒரு பெட்டி எங்களுடையதே இல்லை. கெப்பாலா பத்தாஸில் லாரி ஓட்டுகிற கம்பெனி வைத்திருக்கும் அங்கிளுடையது. மகள் பிறந்த வருஷத்து வைன். அவள் கல்யாணப் பேச்சு அன்று திறப்பதற்காக எங்கள் அறையில் வாடகைக்குப் படுக்க வைத்திருந்தார். அந்த நாளும் வந்தது, அவரும் வந்தார்.

சேகரண்ணே சிரித்த முகமாக, வாசலில் நின்ற அவர் காரைக் காட்டி, "டேய், அங்கிள் காடியில ஏத்திக் குடு. நல்லா பழுத்திருக்குன்னு சொல்லு" என்றார்.

பெட்டியைத் தரையில் வைத்தேன். "அங்கிள், இது வெந்துபோச்சு. லீவுல மெயின் சுவிட்ச இறக்கிட்டோம். ஒண்ண இங்கேயே தொறந்து பாருங்க."

"டேய்!"

அங்கிள் திறக்கச் சொன்னார். மோந்தார். மூஞ்சி சுருங்கியது. சேகரண்ணே பக்கம் திரும்பக்கூட இல்லை. "நீ சொல்லலன்னா தம்பி, சம்பந்தி முன்னாடி இதத்தான் ஊத்தியிருப்பேன்."

அவர் போனதும் "நாளையிலேருந்து வராத" என்றார் சேகரண்ணே. மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய், என்னிடமே இருந்த சாவியால் கடையைத் திறந்து, மெயின் சுவிட்ச் மேல் 'இறக்காதே' என்று எழுதி ஒட்டினேன்.