குஞ்சுக் கொட்டகைக்குப் போன லேன் ஒயர்

மோகனூர் சாலையிலிருந்து பிரியும் மண்பாதையின் முடிவில் சௌந்திரத்தின் கோழிப்பண்ணை இருக்கிறது. பரமத்தியில் பிறந்து, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, வெள்ளியங்கிரியை மணந்து இங்கு வந்தவர். பண்ணையில் தீவனமும் விற்பனையும் கணவர் பொறுப்பு. தண்ணீரும் மின்சாரமும் சௌந்திரத்தின் பொறுப்பு. குழாய் கசிந்தாலும் மோட்டார் நின்றாலும் ஆளுக்குச் சொல்லியனுப்பும் வழக்கம் அவரிடம் இல்லை. முதலில் தாமே கழற்றிப் பார்ப்பார்.

இந்த ஆண்டு வைகாசியில் அவர்களுடைய குலதெய்வக் கோயிலில் கும்பாபிஷேகம் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடப்பது. சென்ற முறை சௌந்திரம் அம்மை கண்டு வேப்பிலைப் படுக்கையில் கிடந்தார், போகவில்லை. இந்த முறை காவிரித் தீர்த்தம் சுமக்கும் முறை அவர்கள் குடும்பத்துக்கு விழுந்திருந்தது. மோகனூர்ப் படித்துறையில் இறங்கிக் குடத்தை நிரப்பி, அதன் கழுத்தில் தம் கையால் மஞ்சள் துணி கட்டியவர் அவர்தாம். ஆனால் நாள் நெருங்கியபோது குஞ்சு பொரிப்பகத்திலிருந்து வர வேண்டிய வண்டி தாமதமாகி, கும்பாபிஷேகத்துக்கு இரண்டு நாள் முன்பு வந்து நின்றது. குஞ்சு இறங்கிய முதல் வாரம் கொட்டகையில் சூடு கூடினாலும் குறைந்தாலும் கொத்துக் கொத்தாகச் செத்துவிடும். குடம் சுமக்கத் தகப்பனும் மகனும் போயாக வேண்டும். ஆகவே தங்க வேண்டியவர் சௌந்திரம்.

“அப்பறமா வீடியோவுல பாத்துக்கலாம் புள்ள,” என்றார் வெள்ளியங்கிரி.

“ஊத்தி முடிச்ச தண்ணிய அப்பறம் பாத்து என்னங்க மாமா பண்றது? ஊத்தறப்பவே பாக்கோணும்.”

விழாவை வீடியோக்காரர் இணையத்தில் நேரலையாகக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். வீட்டு ஹாலில் பெரிய டிவி இருந்தது. ஆனால் கொட்டகை வீட்டிலிருந்து இருநூறு அடி தள்ளி இருந்தது. வைஃபை அங்கே எட்டாது. தகரக் கூரைக்கடியில் செல்போனில் பேச முடியும், படம் பார்க்க முடியாது. கொட்டகையை ஒட்டிய காவல் அறைக்குப் படுக்கையறையிலிருந்த சின்ன டிவியைத் தூக்கிச் செல்வது, அதற்கு வீட்டு ரௌட்டரிலிருந்து இணையம் கொண்டுபோகும் லேன் ஒயர் இழுப்பது என்று சௌந்திரம் முடிவு செய்தார். ரௌட்டரிலோ ஒயர் செருக இரண்டே துளைகள். ஒன்றில் ஹால் டிவி, மற்றதில் மகன் தர்ஷனின் கேம் பெட்டி.

நாமக்கல்லில் கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருக்கும் சின்னராஜ் எட்டுத் துளை உள்ள ஒரு நெட்வொர்க் ஸ்விட்சை எடுத்து வைத்தார். “இதுக்கு ரௌட்டர்ல இருந்து ஒரு ஒயர் குடுங்க. மத்த துளையில டிவி, கேமு, என்ன வேணாலும் மாட்டிக்கலாமுங்க. எந்த ரூமுக்கு இழுக்கறீங்க?”

“கோழிக் கொட்டகைக்கு.”

“ஏனுங்க, டிவி பாத்தா முட்டை நல்லா இடுமுங்களா?”

“இப்பத்தான் குஞ்சு எறங்கியிருக்குதுங்க. முட்டைக்கு இன்னும் நாலஞ்சு மாசம் ஆவும். டிவி எனக்கு.”

விழாவுக்கு முந்தைய நாள் மதியத்துக்குள் ஒயரைக் குழாய்க்குள் செலுத்தித் தென்னைகளின் ஓரமாகப் புதைத்து முடித்தார். ஹால் டிவி, கேம் பெட்டி ஒயர்களையும் ரௌட்டரிலிருந்து கழற்றி ஸ்விட்சுக்கு மாற்றினார். கணவரும் மகனும் குடத்தோடு காரில் கிளம்பிய பிறகு காவல் அறையில் டிவியைப் போட்டார். நேரலை அன்றே தொடங்கியிருந்தது; கோயில் பந்தல் தெரிந்தது. சற்று நேரத்தில் நின்றது, பிறகு ஓடியது, மறுபடி நின்றது.

சௌந்திரத்துக்கு இது பழகிய நோயாகப் பட்டது. நீளமான கொட்டகையில் தண்ணீரை ஒரு முனையில் மட்டும் விட்டால் கடைசிக் கூண்டுக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் எட்டும். இரண்டு முனையிலும் விட்டால் எல்லாக் கோழிக்கும் சமமாகக் கிடைக்கும். அந்தப் பண்ணையில் எல்லாக் குழாயும் அப்படித்தான். ஆகவே வீட்டுக்கு நடந்து, ரௌட்டரில் காலியாகியிருந்த இரண்டாவது துளையிலிருந்தும் ஓர் ஒயரை எடுத்து ஸ்விட்சில் செருகினார்.

ஸ்விட்சின் விளக்குகள் அத்தனையும் ஒரே நேரத்தில் வெறி பிடித்ததுபோல் துடித்தன. ஹால் டிவி உறைந்தது. கைப்பேசியில் வைஃபையும் நின்றது. சற்று முன் கொஞ்சமாவது ஓடிய படமும் போயிற்று. அணைத்துப் போட்டுப் பார்த்தார்; பயனில்லை. வெளியே வெயில் தாழத் தொடங்கியிருந்தது.

சௌந்திரம் கொட்டகைக்குப் போய்க் குஞ்சுகளின் சூட்டைச் சரிபார்த்துவிட்டுத் திரும்பி வந்து ஸ்விட்சின் முன் சம்மணமிட்டு அமர்ந்தார். கசிவு எங்கே என்று தெரியாத குழாயில் செய்வதையே செய்தார்: எல்லாவற்றையும் பிடுங்கினார், ஒவ்வொன்றாகச் செருகினார். ரௌட்டரின் முதல் ஒயர் மட்டும் இருந்தால் எல்லாம் ஓடியது. இரண்டாவது மட்டும் இருந்தாலும் ஓடியது. இரண்டும் சேர்ந்தால் எல்லாம் செத்தது. சின்னராஜுக்குப் போன் செய்து கேட்டார்.

“ரெண்டு பக்கமும் குடுத்தீங்களா?” அவர் சிரித்துவிட்டார். “தண்ணியா அது? ஒரு ஒயர்ல போனது இன்னொண்ணுல திரும்பி வந்து, மறுபடி போயி, சுத்திக்கிட்டே கெடக்குமுங்க. அதுக்கு நடுவுல உங்க படம் எங்க போவும்?”

“செரி. அப்ப முதல்ல ஏன் நின்னு நின்னு வந்துது?”

“வேற எதாச்சும் நெட்டை இழுக்குதான்னு பாருங்க.”

சௌந்திரம் இரண்டாவது ஒயரைக் கழற்றிவிட்டு ஸ்விட்சின் விளக்குகளைப் பார்த்தார். மூன்றாம் துளையின் விளக்கு ஓயாமல் மின்னிக்கொண்டிருந்தது. அந்த ஒயரின் மறுமுனை தர்ஷனின் கேம் பெட்டி. வழியிலிருந்த மகனை அழைத்தார்.

“உன்ற பெட்டி ஏன் சாமி இந்த ஆட்டம் ஆடுது?”

“புது கேம் எறங்குதும்மா. நிறுத்திராதீங்க, பாதி வந்துருச்சு.”

“மீதி நாளைக்கு மத்தியானம் வரட்டும்.”

“அம்மா, அம்மா...”

ஒயரைப் பிடுங்கிவிட்டார். காவல் அறையில் பந்தல் தடையின்றித் தெரிந்தது.

மறுநாள் காலை, குஞ்சுகளுக்குத் தீவனம் தூவிவிட்டுக் கை கழுவி, அறை வாசலில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து பார்த்தால் வலப்பக்கம் டிவி, இடப்பக்கம் குஞ்சுகள். கோபுரத்தின் மேல் ஐயர்கள் நின்றார்கள். கூட்டம் அண்ணாந்து கருடனைத் தேடிக்கொண்டிருந்தது. அப்போது செல்போன் அடித்தது. எடுத்ததும் மேளமும் சங்குமாக ஒரே இரைச்சல்.

“பாத்தியா புள்ள?” என்று கத்தினார் வெள்ளியங்கிரி. “நம்ம தண்ணி...”

“இருங்க மாமா, இங்க இன்னும் ஊத்துலீங்க. சொல்லிராதீங்க.”

நேரலை அரை நிமிடம் பின்தங்கி வந்தது. அவர் போனைக் காதிலிருந்து இறக்கிக்கொண்டார். திரையில் எல்லோரும் ஒரு திசையில் கைநீட்டினார்கள். ஓர் ஐயர் குனிந்து ஒரு குடத்தைத் தூக்கினார். அதன் கழுத்தில் மஞ்சள் துணி இருந்தது; முடிச்சு இடப்பக்கம் சரிந்திருந்தது, அவர் எப்போதும் போடும் முடிச்சு. தண்ணீர் கலசத்தின் மேல் விழுந்து வழிந்தது. படம் ஒரு கணமும் நிற்கவில்லை.

சௌந்திரம் போனை மீண்டும் காதில் வைத்தார்.

“இப்ப ஊத்தீட்டாங்க,” என்றார். “பாத்துட்டேனுங்க.”

பிறகு கொட்டகையின் இடது மூலையில் குஞ்சுகள் சூடு போதாமல் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கிக்கொண்டிருப்பதைக் கண்டு, சூட்டைக் கூட்ட நடந்தார்.