பின்னால் ஆள் ஏறினால் பியூஸ் போகும்

நான் தனியாக ஓட்டினால் என் மோட்டார் சைக்கிளுக்கு ஒரு நோயும் இல்லை. மனைவி பின்னால் ஏறி உட்கார்ந்து சாலையில் ஒரு பள்ளம் வந்துவிட்டால் போதும், பியூஸ் போய்விடும். ஹார்ன் அடிக்காது, சிக்னல் எரியாது, எஞ்சினும் சட்டென்று அடங்கிவிடும். அவள் ஈப்போவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். எனக்கு லீவு உள்ள நாட்களில் எங்கள் ஊரான பத்து காஜாவிலிருந்து நான்தான் கொண்டுபோய் விடுவேன். அப்படிப் போன கடைசி இரண்டு தடவையும் வண்டி பாதி வழியில் நின்று, நான் மோட்டாரைத் தள்ள, அவள் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்து வந்தாள்.

எனக்கு இது சாதாரண அவமானம் இல்லை. நான் செம்பனை எண்ணெய் ஆலையில் வயர்மேன். எங்கள் தாமான் குடியிருப்பில் யார் வீட்டு ஃபேன் நின்றாலும், பம்பு நின்றாலும் என் கேட்டைத்தான் தட்டுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் நின்று சிரித்தார்.

"என்னாண்ணே, வயர்மேன் மோட்டாரே ரோசாக்கா? ஒங்களுதே கெட்டுப்போனா நாங்க எங்க போறது லா?"

அந்தக் கோபத்தை எங்கே காட்டுவது? மனைவியிடம் காட்டினேன். "தனியா போனா ஒன்னும் ஆவுறதில்ல. எல்லாம் ஒன் வெயிட்டுதான்" என்றேன்.

"அப்ப ஒல்லியா ஒருத்திய பாத்து ஏத்திக்கிங்க. நான் பஸ்ஸுல போய்க்கிறேன்" என்றாள். சொன்னபடியே மறுநாளிலிருந்து பஸ்ஸில் போனாள்.

பட்டறைக்காரர் ஒருவர், சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளை பியூஸில் சுற்றிவிடு, பிறகு போகவே போகாது என்றார். அவரை நான் பிடித்து ஏசிவிட்டேன். பியூஸ் எங்கோ தப்பு நடக்கிறது என்று சொல்கிறது. அதன் வாயைப் பொத்தினால் வண்டியே எரிந்து போகும். ஆலையிலும் நான் இப்படித்தான். ஒருமுறை டிரான்ஸ்ஃபார்மர் கேட்டில் யாரோ எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார்கள். அறுத்து எறிந்துவிட்டு, "கரண்டுக்கு மந்திரம் தெரியாது" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். அதற்குப் பிறகு எங்கே சாமி, பூதம் என்று பேச்சு வந்தாலும் அதையே சொல்லுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மோட்டாரை வாசலில் நிறுத்திக் கோளாறைத் தேட உட்கார்ந்தேன். பியூஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு சின்ன பல்பை மாட்டினேன். விளக்குகளுக்கும் ஹார்னுக்கும் போகிற இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வைத்தேன். இனி பல்பு எரிந்தால், கரண்டு போகக்கூடாத வழியில் இரும்புச் சட்டத்துக்குள் இறங்குகிறது என்று அர்த்தம். பல்பு எரியவில்லை. பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து குதித்தேன். பல்பு பளிச்சென்று எரிந்து அணைந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் காப்பியோடு நின்று நான் குதிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும் என்று இன்னொரு முறை குதித்தேன்.

பிறகு சீட்டைத் தூக்கிவிட்டு, வயர் கற்றையை விரலால் அழுத்திக்கொண்டே பின்பக்கம் போனேன். கற்றை சட்டத்தை ஒட்டித் திரும்பும் இடத்தில் பல்பு நின்று எரிந்தது. வயருக்கும் இரும்புக்கும் நடுவே ஏதோ செருகியிருந்தது. மஞ்சள் துணியில் தைத்த, சுண்டுவிரல் அளவுப் பொட்டலம். துணி தேய்ந்து கிழிந்து உள்ளேயிருந்து செப்புத் தகடு எட்டிப் பார்த்தது. அதன் ஓரம் சிவப்பு வயரின் தோலைத் தின்றிருந்தது. மேலே ஆள் உட்கார்ந்தால் சீட்டு அதை அழுத்தும், தகடு வயரையும் இரும்பையும் சேர்த்துத் தொடும், பியூஸ் போகும். கோளாறு கிடைத்துவிட்டது. அந்தச் சந்தோஷம் அரை நிமிடம்கூட நிற்கவில்லை.

தகட்டைச் சுருள் பிரித்தால் கட்டம் கட்டமாகக் கோடுகள். நடுவில் என் பெயர், என் நட்சத்திரம்.

தகட்டைக் கீழே போட்டேன். உள்ளே போய் ஆலையில் ஹைவோல்டேஜ் வேலைக்குப் போடும் ரப்பர் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தேன். எழுதக் கூசுகிறது. கரண்டுக்கு மந்திரம் தெரியாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், செய்வினையிடமிருந்து தப்பிக்க ரப்பர் கையுறை போட்டுக்கொண்டேன்.

யார் வைத்தது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. துணியின் ஓரத்தில் தையல் முடியும் இடத்தில் நூலை இரண்டு முறை திருப்பி இழுத்திருந்தது. அது என் அக்காவின் தையல். ரப்பர் பால்மரத் தோட்டத்தில் நாங்கள் இருந்த காலத்தில் என் பள்ளிக்கூடக் காற்சட்டை முழுக்க அந்தத் தையல்தான். இப்போது ஆயர் தாவாரில் ரவிக்கை தைத்துத்தான் அவள் குடும்பத்தை ஓட்டுகிறாள்.

ஆண்டின் தொடக்கத்தில் மழையில் மோட்டார் வழுக்கி விழுந்து என் இடது கை ஒடிந்தது. கட்டுப் பிரிக்கும்வரை அக்கா எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். மோட்டார் அப்போது இதே வாசலில் சும்மாதான் நின்றது. அப்போதுதான் வைத்திருக்கிறாள் என்று முடிவு செய்தேன். ஏன் வைத்தாள் என்பதற்கும் என்னிடம் பதில் இருந்தது. முதலாளி தோட்டத்தை விற்றபோது அங்கே வேலை செய்த அப்பாவுக்குக் கிடைத்த வீட்டில்தான் நான் இருக்கிறேன். அவர் போன பிறகு அக்கா ஒரு வார்த்தை பேசாமல் வீட்டை என் பெயருக்கு எழுதக் கையெழுத்துப் போட்டாள். பங்கு கேட்டுச் சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒன்றும் கேட்காமல் ஒருத்தி விட்டுக்கொடுப்பாளா? என்னால் முடியாது. அதனால் அவளாலும் முடியாது என்று நினைத்தேன்.

பொட்டலத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, பழைய ஈயச் சுரங்கக் குட்டைக்குக் கொண்டுபோய் எறிந்தேன். எறிந்தால் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். நான் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து சிவப்பு வயருக்கு டேப் சுற்றி, புது பியூஸ் போட்டேன். மனைவி என்ன கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதற்கு, வயர் உரசிவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

அந்த வாரமே அக்கா ஃபோன் செய்தாள். அவள் மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். அக்காவுக்கு நான் ஒரே தம்பி. மாமன் சீர் கொண்டுபோய், பெண்ணின் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப்போக வேண்டியவன் நான்தான். வேறு ஆள் இல்லை.

"தம்பி, மொத நாளே வந்துரு. நீ முன்னால நின்னாதான் எனக்குத் தெம்பு" என்றாள்.

"வேற மாமன் யாராச்சும் இருந்தா பாத்துக்க" என்றேன்.

"என்னாடா சொல்ற?"

"நீ செஞ்ச வேலை எனக்குத் தெரியும். நான் செத்தா இந்த வீடு ஒனக்கு வருமா? வராது."

அவள் பதிலுக்குக் காத்திருக்காமல் ஃபோனை வைத்துவிட்டேன். பிறகு அவள் கூப்பிட்டபோதெல்லாம் எடுக்கவில்லை. சரியாகக் கேட்டுவிட்டோம் என்று சில நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் திரிந்தேன்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மனைவி சீர்த்தட்டுப் பேச்சை எடுத்தாள். பெண்ணுக்குத் தன் கடையிலேயே பட்டு பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னாள். நாம் போகவில்லை என்றேன். அவள் விடவில்லை. கேட்டுக் கேட்டு என் வாயைப் பிடுங்கினாள். கடைசியில் சீட்டுக்கு அடியில் இருந்த தகட்டையும், குட்டையில் எறிந்ததையும், ஃபோனில் பேசியதையும் கொட்டிவிட்டேன். செத்தால் வீடு வருமா என்று கேட்டதை மட்டும் மெதுவாகச் சொன்னேன்.

அவள் கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள்.

"அது ஆயர் தாவார் கோயில்ல பூச பண்ணி வாங்கிட்டு வந்தது. நீங்க இனிமே விழக்கூடாதுன்னு வச்சாங்க" என்றாள்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே சீட்டத் தூக்கிப் புடிச்சேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா விடுவீங்களா? கரண்டுக்கு மந்திரம் தெரியாதுன்னு அக்கா மூஞ்சிக்கு நேரா பேசுவீங்க. அவங்க கட்டு பிரிக்கிற வரைக்கும் ஒங்களுக்குச் சோறு ஊட்டுனாங்க. அது ஞாபகம் வரலியா?"

ஒடிந்தது இடது கைதான். வலது கையால் நானே சாப்பிட்டிருக்கலாம். அக்கா ஊட்டினாள், நானும் சாப்பிட்டேன். அந்த விரல்கள் தைத்த பொட்டலத்தைத்தான் நான் கையுறை போட்டு எடுத்திருக்கிறேன். கூச்சத்தில் அன்று முழுக்க மனைவி இருந்த அறைக்குள்ளேயே போகவில்லை.

அடுத்த ஞாயிறு சீர்த்தட்டுக்கான பட்டோடு இருவரும் மோட்டாரில் ஆயர் தாவார் போனோம். வழியெல்லாம் இரண்டு பக்கமும் செம்பனை. லாரிகள் உடைத்துப் போட்ட சாலையில் எத்தனையோ பள்ளம், பியூஸ் போகவில்லை. அது நடுவழியில் போய்விட்டால் நன்றாக இருக்குமே என்றுகூட நினைத்தேன். அக்கா முகத்தைப் பார்த்ததும் சொல்ல ஒரே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். 'நான்தான்க்கா ஒன்னத் தப்பா நெனச்சேன், என்னை மன்னிச்சிரு.' ஹெல்மெட்டுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.

அக்கா தையல் மிஷினில் உட்கார்ந்து கல்யாண ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். மச்சான், அதாவது அவள் கணவர், நாற்காலியில் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை. தலையை மட்டும் அசைத்தார். ஃபோனில் நான் பேசியது அவருக்குத் தெரியும் என்பது அந்த ஒரு அசைப்பில் தெரிந்தது. அக்கா எழுந்து வந்து என் தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்டா. யாரோ ஒனக்கு என்னமோ பண்ணிட்டாங்க. இல்லாட்டி என் தம்பி என்கிட்ட அப்படிப் பேசுவானா? மூனு வெள்ளிக்கிழமையா வெரதம் இருந்தேன், நீ பழையபடி வரணும்னு."

தயார் செய்த வாக்கியம் தொண்டையில் இருந்தது. சொல்ல அதைவிட நல்ல நேரம் வராது. மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சானும் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று ஃபோனில் பேசியது எந்தச் செய்வினையும் இல்லை, நான்தான் என்று சொன்னால் போதும்.

"ஆமாக்கா, எனக்கே தெரியல. என்னமோ ஆயிருச்சு" என்றேன்.

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடலாம் போலிருந்தது. ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை.

அக்கா என்னைக் கிழக்குப் பார்க்க நாற்காலியில் உட்கார வைத்தாள். கை நிறைய உப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்து வந்து தலையைச் சுற்றினாள். துப்பு என்றாள், துப்பினேன். சமையல்கட்டில் இரும்புச் சட்டியில் கரியைக் கனலவைத்து எல்லாவற்றையும் அதில் போட்டாள். கண்ணேறு பட்டிருந்தால் மிளகாய் கருகினாலும் நெடி ஏறாது என்பார்கள். நெடி ஏறினால் ஆளுக்கு ஒன்றும் இல்லை.

நெடி வீடு முழுக்க ஏறியது. மச்சான் இருமிக்கொண்டே வெளியே போனார். மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவர் பின்னால் போனாள். அக்காவின் கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வடிந்தது. ஒருமுறை அடக்க முடியாமல் இருமினாள். அன்று பேசியது நான்தான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது, அவள் என்னைப் பார்த்த பார்வையில் தெரிந்தது.

"பாத்தியா?" என்று வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள். "கொஞ்சங்கூட நெடியே இல்ல. அவ்வளவு கண்ணு என் தம்பி மேல."

நான் வந்த இருமலை விழுங்கிக்கொண்டு, "ஆமாக்கா, நெடியே இல்ல" என்றேன்.